‘ஸ்வெய்ன்’: கயல்விழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்தேன். தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட கல்லறைத் தோட்டத்து இரங்கற்பாவை முதல் முயற்சிக்கே எடுத்துக்கொண்ட உன் துணிவு எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் கவிதை முடிவதற்குச் சற்று முன்னால் ‘நரைத்த தலைக் காதலன்’ ஒருவன் வந்து பேசத் தொடங்கியதும் அங்கேயே நின்றுவிட்டேன். நீ பார்த்த அகராதி, கிரேயின் அந்த வரியில் உள்ள ‘ஸ்வெய்ன்’ (swain) என்ற ஆங்கிலச் சொல் காதலனையும் பெண்ணை நாடி வருபவனையும் குறிக்கும் பழைய சொல் என்று சொல்லியிருக்கும். அது தவறில்லை. ஆனால் அந்தப் பொருள் அச்சொல்லின் கடைசிப் பிறவி. கிரேயின் கவிதையில் வருபவனோ அதற்கு முந்தைய பிறவியைச் சேர்ந்தவன்.

இச்சொல் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளோடு இங்கிலாந்துக்கு வந்தது. அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில், ஏறத்தாழ இதே ஒலியில், சிறுவன் என்றும் ஏவலாள் என்றும் அதற்குப் பொருள். 1013இல் இங்கிலாந்தின் அரியணையைக் கைப்பற்றிய டென்மார்க் மன்னன் ஸ்வெய்னின் பெயரும் இச்சொல்தான். பழைய ஆங்கிலத்திலும் இதன் உடன்பிறப்பாக, மேய்ப்பனைக் குறிக்கும் ‘ஸ்வான்’ என்ற சொல் இருந்தது. கல்லைக் குறித்த ‘ஸ்டான்’ என்பது ‘ஸ்டோன்’ என்று மாறியதைப் போல அது இன்றுவரை வாழ்ந்திருந்தால் ‘ஸ்வோன்’ என்று ஒலித்திருக்கும். வந்தேறிய வடிவம் நிலைக்க, வீட்டு வடிவம் மறைந்துபோயிற்று.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய ஒரு கதையில், வடநாட்டு வழக்கில் பேசும் ஒரு மாணவன், ‘ஸ்வெய்ன் இல்லாதவன் தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும்’ என்கிறான். அங்கே அச்சொல் வெறும் வேலையாளைத்தான் குறிக்கிறது; வைக்கிங்குகள் பெருமளவில் குடியேறிய வட இங்கிலாந்தைச் சேர்ந்தவனின் வாயில் சாசர் அதை வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம் என்று பார். கப்பல்களில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. தளத்து மாலுமிகளை மேற்பார்க்கும் ‘போசன்’ என்பவனுடைய பதவிப் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தால் ‘படகு ஸ்வெய்ன்’ என்றுதான் வரும். டென்மார்க்கில் கொத்து வேலையோ தச்சு வேலையோ கற்று முடித்துத் தேர்ச்சி பெற்றவனை இன்றும் ‘ஸ்வென்’ என்கிறார்கள்.

சிறுவனையும் ஏவலாளையும் குறித்த சொல் எப்படிக் காதலனிடம் போய்ச் சேர்ந்தது என்று நீ கேட்பாய். நம் வீட்டுப் பேச்சையே எண்ணிப் பார். ‘பையன்’ என்றால் சிறுவன். கடையில் எடுபிடி வேலை செய்பவனும் பையன்தான். உன் அக்காளைப் பெண் பார்க்க வந்தபோது, முப்பது வயதைக் கடந்த ஒருவரைப் பற்றி ‘பையன் என்ன வேலை பார்க்கிறான்?’ என்று நாம் எல்லோரும் கேட்டோம். ஆங்கிலச் சொல்லோ இந்த இடத்தை வேறொரு வழியில், கவிதையின் வழியாக வந்தடைந்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘ஸ்வெய்ன்’ என்பது நாட்டுப்புற உழைப்பாளியையும் ஆட்டிடையனையும் குறித்தது. அது ஆயர் வாழ்க்கையைப் பாடும் கவிதைகள் ஆங்கிலத்தில் பெருகிய காலம். அக்கவிதைகளில் இடையர்களுக்கு ஆடு மேய்ப்பதைவிடக் காதலிப்பதே முதன்மையான வேலை. அக்காலக் கவிஞர் மார்லோவின் புகழ்பெற்ற பாட்டில், தன்னோடு வாழ வரும்படி காதலியை அழைக்கும் இடையன், மே மாதக் காலைதோறும் அவள் மகிழ்வதற்காக ஸ்வெய்ன்கள் ஆடிப் பாடுவார்கள் என்று வாக்களிக்கிறான். ஷேக்ஸ்பியரின் பாட்டொன்று, ஸ்வெய்ன்கள் எல்லோரும் புகழும் சில்வியா யார் என்று கேட்கிறது. இவ்வாறு பாட்டுக்குப் பாட்டு இடையனே காதலனாக நின்றதால், காலப்போக்கில் ஆடும் கோலும் மறைந்து காதல் மட்டும் சொல்லில் எஞ்சியது.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. ‘தன்னுடைய’ என்று பொருள்படும் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து, ‘தன்னுடைய ஆள்’ என்ற கருத்தில் இச்சொல் பிறந்தது என்று சொல்லாய்வாளர்கள் விளக்குகிறார்கள். சமஸ்கிருதத்தின் ‘ஸ்வ’ அதே வேரில் முளைத்தது; நாம் ‘சுயம்’ என்று வழங்குவது அதிலிருந்து வந்ததுதான். ஆகவே சுயம்வர மண்டபத்தில் மாலைக்காகக் காத்து நிற்கும் இளவரசர்களும் ஆங்கிலக் கவிதையின் ஸ்வெய்ன்களும் மிகத் தொலைவில் ஒரே வேரைத் தொடுகிறார்கள். ஒரு பக்கத்தில் அந்த வேர் பெண்ணின் சொந்தத் தெரிவைக் குறித்தது; மறுபக்கத்தில் எசமானனுக்குச் சொந்தமான ஆளைக் குறித்தது.

இனி உன் வரிக்கு வருகிறேன். கிரேயின் ஸ்வெய்ன், தலை வெளுத்த ஒரு கிழ உழைப்பாளி. விடியலில் பனித்துளிகளைத் தட்டிக்கொண்டு மேட்டு நிலத்துக்கு விரைந்த இளங்கவிஞனைப் பார்த்தவன் அவன். ஒரு நாள் அந்த இளைஞன் வராததைக் கவனித்தவனும், மூன்றாம் நாள் சவ ஊர்வலத்தைக் கண்டவனும் அவனே. இறுதியில், விசாரிக்க வந்த அன்னியனைக் கல்லறைக்கு அருகே அழைத்து, அதில் பொறித்திருப்பதைப் படித்துப் பார்க்கச் சொல்கிறான். அப்போது, ‘உனக்குத்தான் படிக்கத் தெரியுமே’ என்று பொருள்படும் சில சொற்களை அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறார் கிரே. கிழவனுக்கு எழுத்துத் தெரியாது என்பதை நாம் அங்கேதான் உணர்கிறோம். கல்வியும் வாய்ப்பும் கிடைக்காமலே மண்ணுக்குள் போன ஏழை மக்களுக்காக இரங்கும் கவிதையில், கவிஞனின் மரணத்தைச் சொல்லும் பொறுப்பு அப்படிப்பட்ட ஒருவனிடமே தரப்பட்டிருக்கிறது. அவனைக் ‘காதலன்’ ஆக்கினால் அந்த அடைப்புக்குறியின் கனம் முழுவதும் காணாமல் போய்விடும்.

‘நரைத்த தலைக் குடியானவன்’ என்று எழுதிப் பார். ‘முதிய உழவன்’ என்பதும் பொருந்தும். எதைத் தெரிவு செய்தாலும், உன் மொழிபெயர்ப்பில் விடுபட்டிருக்கும் அந்த அடைப்புக்குறியை மட்டும் மறவாமல் சேர்த்து, திருத்திய பகுதியை எனக்கு மீண்டும் அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை