ஹைட்ராவை வரையப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸ் பலதலைப் பாம்பான ஹைட்ராவைக் கொல்லும் படக்கதையைக் கையில் எடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மனசு நிறைந்துபோனது. பென்சிலைத் தொடும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தச் சண்டையில் இரண்டு பேர். இயோலாஸை விட்டுவிட்டால் ஹைட்ரா சாகவே சாகாது.

இயோலாஸ் ஹெர்குலிஸின் இரட்டைச் சகோதரன் இஃபிக்ளிஸின் மகன். சித்தப்பா மகனல்ல, வெறும் தோழனுமல்ல. தம்பி பெற்ற பிள்ளை, தேரோட்டி. இப்போது சுற்றும் படங்கள் பலவற்றில் வாளை ஓங்கியபடி ஹெர்குலிஸ் மட்டும்தான் நிற்கிறான். பழைய ஓவியர்கள் இயோலாஸை மறக்கவில்லை. அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் குடியேறிய கிரேக்கர்கள் செய்த தண்ணீர்க் குடம் ஒன்று இருக்கிறது. நடுவில் ஹைட்ரா, ஒரு பக்கம் கதாயுதத்தோடு ஹெர்குலிஸ், மறுபக்கம் வளைந்த அரிவாளோடு இயோலாஸ். கீழே நண்டு ஹெர்குலிஸின் குதிகாலைக் கவ்வுகிறது. அந்தப் படத்தைத் தேடிப் பார், நாலைந்து கட்டங்களுக்கான விஷயம் அதிலேயே கிடைக்கும்.

இடத்தைப் பாழடைந்த மலைக்குகையாக்கிவிடாதே. லெர்னா என்பது ஆர்கோஸ் நகருக்குத் தெற்கே கடலோரமாக இருந்த ஊற்றுப் பகுதி. அமிமோனி ஊற்றின் பக்கத்து மேட்டில் ஹைட்ராவின் வளை. ஊற்றங்கரையில் பிளேன் என்னும் நிழல்மரம் ஒன்று, அதன் அடியில்தான் ஹைட்ரா வளர்ந்தது என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்கப் பயணி பௌசானியாஸ் எழுதுகிறார். பக்கத்து ஏரியைப் பற்றியும் சொல்கிறார்: பார்வைக்குச் சலனமே இல்லாத தண்ணீர், நீந்தப் போனவனை உள்ளே இழுத்துவிடும். ரோமப் பேரரசன் நீரோ ஈயக்குண்டு கட்டிக் கயிறு விட்டும் அடி தட்டவில்லையாம். அதனால் உன் தண்ணீரில் அலை வேண்டாம்.

தலை எத்தனை? பழைய கிரேக்கக் கவிஞர்களில் ஹெசியட் எண்ணிக்கை தரவில்லை. அல்கேயஸ் 9 என்கிறார், சைமனிடிஸ் 50 என்கிறார். பௌசானியாஸோ ஒரே தலைதான் இருந்திருக்கும் என்கிறார். நீ 9 வைத்துக்கொள். அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் புராணத் தொகுப்பு நூல் சண்டையைப் படிப்படியாகச் சொல்வது இந்தக் கணக்கில்தான்: 8 தலைக்குச் சாவு உண்டு, நடுத்தலைக்கு இல்லை. கழுத்துகள் எல்லாம் உடலில் எங்கே சேர்கின்றன என்பது தெளிவாகத் தெரியும்படி வரை. வேலை நடப்பது அங்கேதான்.

தேர் வந்து நிற்கிறது. ஹெர்குலிஸ் தீ அம்புகளை வளைக்குள் எய்கிறான். வெளியே வந்ததைப் பிடித்துக்கொள்கிறான். அது அவன் காலைச் சுற்றிக்கொள்கிறது. ஆக, அவனால் நகர முடியாது. அந்த நிலையிலேயே கதாயுதத்தால் தலைகளை நசுக்குகிறான். இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது: ஒன்று போனால் இரண்டு முளைக்கிறது. எட்டையும் ஒருமுறை நசுக்கி முடித்தால் பதினாறு! அடிக்க அடிக்க எதிரி பெருகுகிறான், பலம்தான் பிரச்சினையே. போதாக்குறைக்கு ராட்சத நண்டு வந்து காலைக் கடிக்கிறது. அதைக் கொன்றுவிட்டு, இயோலாஸைக் கூப்பிடுகிறான்.

இயோலாஸ் என்ன செய்தான் என்பதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கு. பக்கத்துக் காட்டின் ஒரு பகுதிக்குத் தீ வைத்தான். அதிலிருந்து கொள்ளிகளை எடுத்து, தலை முளைக்கும் வேரைச் சுட்டான். வெட்டிய வாழைக்கட்டையில் குருத்து கிளம்புவதைப் போல வந்துகொண்டிருந்தவை கருகி நின்றன. முளைப்பது நின்ற பிறகுதான் ஹெர்குலிஸால் சாகாத தலையைத் துண்டிக்க முடிந்தது. அதை லெர்னாவிலிருந்து எலேயஸ் போகும் பாதையோரம் புதைத்து, மேலே கனமான பாறையை வைத்தான். இந்த வரிசையை மாற்றாதே. நடுத்தலையை முதலில் வெட்டினால் கதைக்கு ஓட்டமே இல்லை.

ஹெர்குலிஸுக்குப் பத்து வேலைகளை இட்ட மன்னன் யூரிஸ்தியஸ் இந்த வேலையைக் கணக்கில் சேர்க்க மறுத்தான். காரணம், இயோலாஸ் உதவினான் என்பது. கூலி பேசிச் செய்ததால் அவுஜியஸ் மன்னனின் மாட்டுத் தொழுவத்தைச் சுத்தம் செய்த வேலையும் தள்ளுபடியானது. பத்து வேலை பன்னிரண்டு ஆனது இப்படித்தான். இன்று இயோலாஸ் இல்லாமல் படம் போடுகிறவர்கள், எந்தக் காரணத்தால் ஹெர்குலிஸுக்கு அநியாயம் நடந்ததோ அந்தக் காரணத்தையே அழித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

கடைசியாக, ஹைட்ராவின் உடலைக் கிழித்து, அதன் விஷப் பித்தத்தில் அம்புகளைத் தோய்க்கும் காட்சி. ஓரத்துச் சின்னக் கட்டத்தில் அதை முடித்துவிடாதே. பாதி மனிதன் பாதி குதிரையான கைரானுக்குத் தீராத புண்ணைத் தந்ததும், அதே இனத்து நெசஸைக் கொன்றதும் அந்த அம்புகள்தான். விஷம் கலந்த நெசஸின் ரத்தத்தை ஹெர்குலிஸின் மனைவி டெயானிரா காதல் மருந்தென்று நம்பி அங்கியில் தடவ, அதை உடுத்திய ஹெர்குலிஸும் அதனாலேயே சாகிறான். அதனால் அடுத்த பாகங்களில் அவன் உடையை மாற்றினாலும் அம்பறாத்தூணியை மாற்றாதே. இந்தப் பாகத்திலேயே அதற்கு ஓர் அடையாளம் போட்டு வை, ஒரு தையலோ கீறலோ போதும்.

பென்சில் வரைவு முடிந்ததும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்