கர்காசோன் மதிலை எப்படிப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் பிரான்ஸின் கர்காசோன் கோட்டை நகரம் ‘13-ம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்கிறது’ என்று உங்கள் பயணக் கட்டுரை சொல்கிறது. இதை நம்பிப் போகிறவர்கள் அந்த மதிலின் முக்கால்வாசிச் சுவாரசியத்தைத் தவறவிடுவார்கள். சுமார் 3 கி.மீ. நீளும் அந்த இரட்டை மதிலிலும் 52 கோபுரங்களிலும் பல காலத்து வேலைகள் கலந்து கிடக்கின்றன. கல்லைப் பார்த்தே அவற்றைப் பிரித்துச் சொல்லலாம்.

உள்மதிலின் வடபக்கத்தில் சின்னச் சின்னக் கற்களுக்கு நடுவே செங்கல் வரிசை ஓடினால் அது பிற்கால ரோமானியக் கட்டுமானம். அங்குள்ள கோபுரங்கள் வெளிப்புறம் வளைந்தும் உட்புறம் தட்டையாகவும் இருக்கும். சில இடங்களில் இந்த ரோமானியச் சுவருக்குக் கீழே இடைக்காலக் கல் இருக்கிறது! 13-ம் நூற்றாண்டில் இரு மதில்களுக்கும் இடையிலுள்ள நிலத்தை வெட்டிச் சமன்படுத்தினார்கள். பழைய அடித்தளம் வெளியே தெரிந்துவிட்டது. அதனால் அடியில் புதிதாகக் கல் கட்டித் தாங்கவைத்தார்கள்.

மதில் மேலும் வலுப்படுத்தப்பட்டதற்கும் காரணம் உண்டு. 1209-ல் சிலுவைப் படையிடம் நகரை இழந்த திரான்கவேல் குடும்பத்தின் வாரிசு, 1240-ல் அதை மீட்க முற்றுகையிட்டார். அவருடைய ஆட்கள் மதிலை ஒட்டிய புறநகர் வீடுகளில் மறைந்துகொண்டு சுரங்கம் தோண்டினார்கள். முற்றுகை தோற்றது. அரசர் ஒன்பதாம் லூயி அந்தப் புறநகரை அப்புறப்படுத்தினார். அங்கிருந்தவர்கள் பின்னர் ஓத் ஆற்றின் மறுகரையில் குடியேற்றப்பட்டார்கள். அவர் மகன் மூன்றாம் பிலிப் காலத்து வேலையைக் கண்டுபிடிப்பது எளிது: ஓரம் மட்டும் செதுக்கி, நடுப்பகுதியைப் புடைப்பாக விட்ட பெரிய கற்கள். நகரின் முக்கிய நுழைவாயிலான நர்போன் வாயிலின் இரட்டைக் கோபுரங்கள் முன்பக்கம் அலகுபோல் கூராக நீள்வதும் அப்போதுதான்.

1659-ல் ஸ்பெயின் எல்லை பிரனீஸ் மலைக்குத் தள்ளிப்போனதும் கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. 19-ம் நூற்றாண்டின் நடுவில் இடிக்கவே உத்தரவாயிற்று. உள்ளூர் வரலாற்றாளர் குரோ-மேர்வியேயும் பழஞ்சின்ன ஆய்வாளர் மெரிமேயும் போராடித் தடுத்தார்கள். 1853-ல் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் சீரமைப்பைத் தொடங்கினார். உங்கள் அட்டைப்படத்தில் பளிச்சென்று தெரிகிற சாம்பல் நிறக் கூம்புக் கூரைகள் அவர் போட்ட ஸ்லேட் கல் தகடுகள். அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் நம் நாட்டு ஓடு போன்ற வளைவு ஓடுதான். ஸ்லேட் இங்கே பொருந்தாது என்று சொல்பவர்கள் உண்டு; நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அதை முழுக்கப் பிரித்தெறியக் கூடாது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்தக் கூரையும் இன்று மதிலின் வரலாறுதான். ரோமானியக் கோபுரங்கள் சிலவற்றுக்கு மட்டும் 20-ம் நூற்றாண்டில் ஓடு மாற்றியது போதும்.

போகிறவர்கள் நர்போன் வாயிலைத் தாண்டி நேரே கடைத்தெருவுக்குள் நுழையாமல், அந்த வாயிலுக்கு முன்பே வலப்பக்கம் திரும்பி இரு மதில்களுக்கு நடுவே நடக்கட்டும். செங்கல் வரிசை அந்தப் பக்கம்தான் நன்றாகத் தெரியும். அடுத்த முறை படம் போடும்போது அதன் கீழே எந்தப் பகுதி எந்த நூற்றாண்டு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி