எம்எஸ் வருத்தக்காரர் எவ்வளவு நடக்கினம் எண்டதை வீட்டில வச்சு அளக்கோணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட சுகாதாரப் பக்கத்தில எல்லாரும் ஒரு நாளைக்கு 10,000 அடி நடக்கோணும் எண்டு வந்ததை வாசிச்சிட்டு எழுதுறன். சுகமா இருக்கிற ஆக்களுக்கு நல்ல விசயம்தான், ஆனா என்ட அக்காவுக்கு மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ், எம்எஸ் எண்டு சொல்லுவினம், உடம்பின்ட எதிர்ப்பு சக்தியே மூளையிலயும் முள்ளந்தண்டிலயும் உள்ள நரம்பின்ட உறையை அழிக்கிற வருத்தம், அவ அந்தக் கணக்கைப் பாத்து மனசு விட்டுப்போனா. அந்த 10,000 ஒரு மருத்துவ ஆராய்ச்சியில வந்த கணக்கும் இல்ல, 1965ல ஜப்பான்ல யமாசா கம்பெனி அடி எண்ணுற கருவி ஒண்டுக்கு வச்ச பேரில இருந்து வந்தது. இதையும் ஒருக்கா போடுங்கோ.

எம்எஸ் எவ்வளவு முத்தியிருக்கு எண்டு பாக்க டாக்டர்மார் பாவிக்கிறது 1983ல ஜோன் கேர்ட்ஸ்கே வெளியிட்ட அளவுகோல், 0ல இருந்து 10 வரைக்கும் போகும், நடுவில உள்ள புள்ளியெல்லாம் எவ்வளவு தூரம் நடக்கலாம் எண்டதை வச்சுத்தான், 6 எண்டா 100 மீட்டர் நடக்க ஒரு தடி வேணும். ஆனா திருகோணமலையில இருந்து இரவு முழுக்க பஸ்ஸில இருந்து கொழும்பு கிளினிக்குக்குப் போய், டாக்டருக்கு முன்னால கொஞ்சத் தூரம் பல்லைக் கடிச்சுக்கொண்டு நடந்து காட்டுறதை வச்சு அவ வீட்டில எப்பிடி இருக்கிறா எண்டு ஆருக்குத் தெரியும்? ஒரு நாள் சந்தைக்குப் போய் வந்தா அடுத்த நாள் கட்டிலை விட்டு எழும்ப ஏலாது, அதைப் பாத்து சோம்பல் எண்டு சொல்ற சொந்தக்காரரும் இருக்கினம், கேக்க வயிறு எரியுது.

இதுக்குத்தான் உடம்பில கட்டுற சென்சார். உள்ளுக்க ஆக்சலெரோமீட்டர் எண்டு ஒண்டு, மூண்டு திசையிலயும் வாற அசைவை செக்கனுக்குப் பல தடவை பதியும், எப்ப நடந்தா எவ்வளவு நேரம் இருந்தா எல்லாம் அதில விழும். சான்பிரான்சிஸ்கோவில உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆக்கள் எம்எஸ் உள்ளவைக்கு ஒரு வருசம் ஃபிட்பிட் எண்ட கையில கட்டுற அடி எண்ணுற கருவியைக் கட்டிப் பாத்து 2019ல எழுதினவை, அடிக் கணக்கு குறைஞ்சுகொண்டு போனவை கிளினிக் சோதினையிலயும் பின்னுக்குப் போயிருக்கினம்.

எங்கட ஊருக்கு இது இன்னும் முக்கியம். எம்எஸ் உள்ளவைக்கு உடம்பு சூடானா கால் சோரும், கண் மங்கும், குளிர்ந்தா திரும்பி வந்திடும், உடம்பை அலட்டினா கண் மங்கிறதை 1890லயே ஊட்டோஃப் எண்ட ஜெர்மன் கண் டாக்டர் எழுதி வச்சவர். கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில உப்புவெளியில மத்தியானம் நிக்கவே ஏலாது, அக்காவும் அப்ப நடக்கிறது நல்லாக் குறைவு. அது வெக்கையாலயா, இல்ல வருத்தம் கூடிட்டுதா எண்டு பயந்து பயந்து இருக்கிறம், ஒவ்வொரு மாசத்துக் கணக்கும் கையில இருந்தா டாக்டர் பாத்துப் பிரிச்சுச் சொல்ல எவ்வளவு உதவி.

ஒரு கவனம், கையில கட்டுற மணிக்கூட்டை அப்பிடியே நம்ப ஏலாது. மெதுவா காலை இழுத்து நடந்தாலோ, வாக்கரைப் பிடிச்சு கை வீசாமல் நடந்தாலோ பாதி அடியை அது எண்ணாமல் விட்டிடும், அப்பிடிப்பட்டவைக்கு கணுக்காலில கட்டுறது நல்லது. மற்றது, அடுத்தவரோட ஒப்பிடாதேங்கோ, அவரவரின்ட போன மாசத்தோட இந்த மாசத்தைப் பாருங்கோ. அளவா உடற்பயிற்சி செய்தா எம்எஸ் கூடும் எண்டு பயப்பிடுறதும் பிழை, அது உடம்புக்கு நல்லம்தான்.

நான் கேக்கிறது பெரிய காசு விசயம் இல்ல. திருகோணமலை ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில இப்பிடிக் கருவி கொஞ்சம் வாங்கி வச்சு, கிளினிக் திகதிக்கு முதல் 7 நாளைக்கு இரவல் குடுத்து, வாற கணக்கை ஒரு தாளில பிரிண்ட் எடுத்து நோயாளின்ட கையில குடுத்து விட்டாக் காணும், கொழும்பில பாக்கிற டாக்டர் அதைப் பாத்திட்டு கதைக்கட்டும்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர், திருகோணமலை