தூக்கிப் பழக்காதே

பெரம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சரோ,

இங்கு எல்லோரும் நலம். அண்ணனுக்குக் கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று என்று சுசீலா சொன்னாள். உன்னிடமே கேட்டிருக்க வேண்டிய செய்தி. நீ போட்ட இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. பேரன் பிறந்ததிலிருந்து பகல் எது, இரவு எது என்று தெரியவில்லை. ஆனாலும் தவறு தவறுதான். பெரியக்கா கொடுத்தனுப்பிய ஊறுகாய் வந்து சேர்ந்தது. இந்த முறையும் மூடியை மாற்றித்தான் போட்டிருக்கிறாள், சொல்லிவிடு.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. செவ்வாய்க்கிழமை இரவு நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பேரனுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இரவில் நான்கு முறை எழுந்துகொள்கிறான். வித்யா அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். போன் வழியாக யாரோ நடத்தும் வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அழுதால் உடனே போகக் கூடாது. இத்தனை நிமிடம் கழித்துத்தான் எட்டிப் பார்க்கலாம், அப்போதும் தூக்கக் கூடாது. தானே தூங்கப் பழகிக்கொள்வானாம். நான் சமையலறையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். சாத்திய கதவுக்குப் பின்னால் முதலில் கோபமாக அழுதான், அப்புறம் கெஞ்சுவது போல, அப்புறம் விக்கலும் இருமலுமாக. வித்யா கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, போனில் நிமிடம் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். "அம்மா, வேண்டாம். தூக்கித் தூக்கிப் பழக்கிவிடாதே" என்றாள்.

இதைக் கேட்ட நினைவு உனக்கு இருக்கிறதா? 1991இல் கும்பகோணத்து வீட்டில் இதே வித்யா தொட்டிலில் கிடந்து கத்தினாள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்த நீ, தோள் பையைக்கூட இறக்காமல் அவளிடம் ஓடினாய். அப்போது நான் உன்னைத் தடுத்துச் சொன்ன அதே வார்த்தைகள். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், பிறகு தூக்கிக்கொண்டாய். எனக்கு உன்மேல் எவ்வளவு கோபம் தெரியுமா? என்னோடு பி.எட். படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று. அழும்போது தூக்கினால் அழுகைக்கு வலுவூட்டல், அதாவது பரிசு போல ஒன்று, கிடைக்கிறது, அதனால் அழுகை நிலைத்துவிடும்: பத்து மதிப்பெண் கேள்விக்கு நான் எழுதிய விடை அது. அதை விடைத்தாளோடு விட்டிருக்கலாம். நான் பெற்ற பிள்ளையிடம் செய்து பார்த்தேன்.

மறுநாளிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். மாப்பிள்ளை பழைய கட்டுரைகளைத் தேடி அச்செடுத்துக் கொடுக்கிறார். உளவியல் வரலாறு என்று நாம் உருப்போட்ட வரிசை எனக்கு இன்னும் மறக்கவில்லை. 1879, லைப்சிக், வுண்ட், முதல் ஆய்வகம், அகநோக்கு முறை, வில்லியம் ஜேம்ஸ், 1913, வாட்சன், நடத்தையியல், பிறகு கெஸ்டால்ட், ஃபிராய்டு தனிப் பாடம். விடுதிப் பின்கட்டில் துணி துவைக்கும்போது நீ அதை நலங்குப் பாட்டு மெட்டில் பாடுவாய். ஆல்பர்ட் என்ற குழந்தையும் வெள்ளை எலியும் அந்தப் பாட்டில் ஓர் அடிதான். அந்த ஓர் அடியின் மூலக் கட்டுரையை இந்த வாரம்தான் படித்தேன்.

அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். மனத்துக்குள் நடப்பதை விட்டு வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய வேண்டும் என்று நடத்தையியலைத் தொடங்கிய வாட்சனும் அவருடைய மாணவி ரோசலி ரேய்னரும் 1920இல் வெளியிட்டது. ஆல்பர்ட்டின் தாய் அங்கே மருத்துவமனையில் பிறர் பிள்ளைகளுக்குப் பாலூட்டும் வேலையில் இருந்தவள். அவனுக்குப் பதினொரு மாதம். எலியைக் கண்டால் கை நீட்டித் தொடுவான். அவன் தொடும் நேரம் பார்த்து, பின்னால் நின்று ஓர் எஃகுச் சட்டத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். மொத்தம் ஏழு முறை. அதற்குப் பிறகு சத்தமே தேவைப்படவில்லை. எலியைக் காட்டிய நொடியில் அழுது, சாய்ந்து விழுந்து, தவழ்ந்து ஓடினான். மேசை விளிம்பை எட்டுவதற்குள் பிடிப்பதற்கே சிரமமாக இருந்ததாம். முயல், நாய், ரோமக் கோட்டு என்று பயம் பரவியது.

இதுவரை நமக்குத் தெரியும். தெரியாதது ஒன்று. அந்தப் பிள்ளைக்குக் கட்டைவிரல் சப்பும் பழக்கம். விரல் வாய்க்குள் போய்விட்டால் எதைக் காட்டினாலும் பயப்பட மாட்டான். படம் பிடிப்பதற்காகத் திரும்பத் திரும்ப அவன் விரலை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஃபிராய்டின் ஆட்களை அதே கட்டுரையில் கேலி செய்கிறார்கள்: இவன் வளர்ந்து ரோமக் கோட்டுக்குப் பயந்தால், ஒரு கனவைச் சொல்ல வைத்து அதற்குப் பொருள் கண்டுபிடிப்பார்கள் என்று. பெரியவர்களின் கொள்கைச் சண்டைக்கு நடுவில் ஒரு பிள்ளை, தேறுதலுக்கு அதற்கென்று இருந்த ஒரே ஒரு விரல். அந்தப் பயத்தைப் போக்காமலேயே அவனை அனுப்பிவிட்டார்கள்.

அதே ஆண்டு ரேய்னருடனான உறவு வெளியே தெரிந்து வாட்சனுக்கு வேலை போனது. அவளை மணந்துகொண்டு விளம்பரத் தொழிலுக்குப் போனார். 1928இல் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று எழுதினார். தாயன்பு மிஞ்சினால் வரும் ஆபத்து என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. கட்டி அணைக்காதே, மடியில் உட்கார வைக்காதே. முடியவில்லை என்றால் இரவில் நெற்றியில் ஒரே ஒரு முத்தம். காலையில் கை குலுக்கு. சரோ, பெற்ற பிள்ளையோடு கை குலுக்குவது! நம் விடைத்தாளுக்கும் வித்யாவின் போன் வகுப்புக்கும் அந்த வீட்டுக்கும் நேர்வழி இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த வீட்டில் இரண்டு ஆண் பிள்ளைகள். ரோசலி 1930இல் ஒரு பெற்றோர் இதழில் எழுதினாள்: பிள்ளைகள்மேல் உள்ள அன்பை என்னால் முழுவதும் அடக்க முடியவில்லை, அவர்கள் வளர்ந்த பிறகு பாச விஷயத்தில் கொஞ்சம் பலவீனமாக இருக்கட்டும், கவிதைக்கும் நாடகத்துக்கும் கண் கலங்கட்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்படுகிறேன் என்று. எலியைக் காட்டியவள் எழுதியது இது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 1991இல் நானும் அப்படித்தானே இருந்தேன்.

நடத்தையியலை மொத்தமாகத் திட்டவும் மனம் வரவில்லை. ரோசலியின் கல்லூரித் தோழி மேரி கவர் ஜோன்ஸ். மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்ற பிள்ளை முயலைக் கண்டால் நடுங்குவான். அவனை உயர நாற்காலியில் உட்கார வைத்து, பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே, கூண்டு முயலை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தாள். கடைசியில் முயலை மடியில் வைத்துத் தடவினான். 1924இல் வெளியிட்டாள். ஆல்பர்ட்டுக்குச் செய்யாமல் விட்டதை அதே கொள்கையை வைத்தே வேறொரு பிள்ளைக்குச் செய்து காட்டினாள். நமக்கு அந்தப் பெயரை ஏன் சொல்லித்தரவில்லை? பாவ்லோவின் நாய்க்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியவர்கள் இவளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கக் கூடாதா?

இன்னொன்று கேள். எலியும் பூனையுமாக இருந்த ஃபிராய்டு கூட்டமும் வாட்சன் கூட்டமும் ஒரு விஷயத்தில் ஒன்றாகத்தான் நின்றன: பால் கிடைப்பதால்தான் பிள்ளைக்குத் தாய்மேல் ஒட்டுதல் வருகிறது என்று. அதை உடைத்தவர் ஹார்லோ. விஸ்கான்சினில் குரங்குகளை வைத்து ஆராய்ந்தவர். பிறந்த சில மணி நேரத்தில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகள், கூண்டின் தரையில் விரித்த துணியை விடாமல் பற்றிக்கொள்வதையும், சலவைக்கு எடுத்தால் ஆர்ப்பாட்டம் செய்வதையும் கவனித்திருக்கிறார். கம்பியால் ஒரு பொம்மைத் தாய், துணி சுற்றிய ஒரு பொம்மைத் தாய் என்று இரண்டு செய்தார். கம்பித் தாயிடம் மட்டும் பால் புட்டி இருந்தபோதும், குட்டிகள் போய்க் குடித்துவிட்டுத் துணித் தாயிடமே ஓடிவந்தன; நாளில் பெரும்பகுதியை அதைக் கட்டிக்கொண்டே கழித்தன. 1958இல் இதை அறிவித்தார். வாட்சன் இறந்ததும் அதே ஆண்டுதான். பிற்பாடு குட்டிகளை மாதக்கணக்கில் தனிமையில் அடைத்து வைத்தார் ஹார்லோ. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதைப் படித்த அன்று பேரனின் தூளியைப் போய்ப் பார்த்தேன். என் பழைய சுங்குடிப் புடவை. துவைத்துப் போட்டிருந்தால் அன்று முழுக்கச் சிணுங்குகிறான்.

லண்டன் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் ராபர்ட்சன், தாயைப் பிரிவது பிள்ளையைப் பாதிக்கும் என்று சொன்ன ஜான் பௌல்பியுடன் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் அங்கே மருத்துவமனையில் பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோர் வாரத்தில் சில மணி நேரம்தான் பார்க்கலாம். அவர் இரண்டு வயது லாரா என்ற சிறுமியின் எட்டு நாட்களைப் படம் பிடித்தார்; 1952இல் அது வெளிவந்தது. ஓங்கி அழவில்லை. அம்மா வேண்டும் என்று அவ்வப்போது மெதுவாகக் கேட்கிறாள், பொம்மையைப் பிடித்துக்கொள்கிறாள். எட்டாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது தாய் நீட்டிய கையைப் பிடிக்க மறுக்கிறாள். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். அழுகை அடங்கினால் பிள்ளை தேறிவிட்டது என்று நம்பியவர்கள் அவர்கள். அது மனம் விட்டுப்போனதன் அடையாளம் என்றார் ராபர்ட்சன். பெற்றோரைத் தடையின்றி விட வேண்டும் என்று அரசுக் குழு பரிந்துரைக்க 1959 ஆனது.

வெள்ளிக்கிழமை இரவு பேரன் பத்தே நிமிடத்தில் அடங்கிவிட்டான். வித்யாவுக்கு நிம்மதி. எனக்கு அடிவயிறு கலங்கியது. கதவுக்கு வெளியே தாய் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடமும் லாராவின் எட்டு நாளும் ஒன்றல்ல. அது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் கலங்கியது.

அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிற்காலத்தில் சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வொர்த் என்ற இரு பெண்கள் 26 வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் மாதங்களில் அழுத உடனே தாய் கவனித்த பிள்ளைகள் ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதன என்று 1972இல் எழுதினார்கள். நம் பத்து மதிப்பெண் விடைக்கு நேர் எதிர். நடத்தையியலார் அந்தக் கணக்கை ஏற்கவில்லை, சண்டை நடந்தது. ஆனால் சட்டத்தில் சுத்தியல் அடித்த அதே ஊரில் இப்படி இரண்டு பேர் வீடு வீடாகப் போய் அழுகையை எண்ணினார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

இந்தப் பக்கங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டு, வித்யா காபி குடிக்கும் மேசையில் வைத்தேன். வைத்த கை வைத்தபடி இருக்க, திரும்ப எடுத்துக்கொண்டேன். யோசித்துப் பார் சரோ. வாட்சன் காலத்தில் அதிகம் கொஞ்சுகிறாள் என்று தாயைத் திட்டினார்கள். பௌல்பிக்குப் பிறகு வேலைக்குப் போகிறாள் என்று தாயைத் திட்டினார்கள். எந்தக் கொள்கை வென்றாலும் அடி விழுந்த இடம் ஒன்றுதான். இரவில் நான்கு முறை எழுந்து, பகலில் வேலைக்கும் போக வேண்டியவள் அவள். அவள் தலையில் நானும் ஒரு புத்தகத்தைப் போட வேண்டுமா?

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ அவளுக்கு எழுது. உளவியல் எதுவும் வேண்டாம். 1991இல் அவள் தொட்டிலில் கத்தியது, நான் தடுத்தது, நீ தூக்கியது, தூக்கிய பிறகு அவள் என்ன செய்தாள் என்பது, இதையெல்லாம் எழுது. கடைசியில் சொன்னது எனக்குத் தெரியாது. நான் அறையை விட்டுப் போய்விட்டேன். அவளுக்கு இந்தக் கதையே தெரியாது. நான் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எதையும் மாற்றி எழுதாதே.

இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்று நேற்று அவளிடம் சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் இன்று தூளியை என் அறையில் மாட்டியிருக்கிறாள்.

அண்ணனுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. தங்கக் கம்பி போட்ட அந்தக் கண்ணாடியை இனியாவது மாற்றச் சொல்.

உன்
கமலா