ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் மாரடைப்பு

ஐயா,

கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மாரடைப்பு வராது என்கிற தொனியில் வந்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். கொலஸ்ட்ரால் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க மருத்துவமனைகளில் இதயநோயோடு சேர்ந்த சுமார் 1.37 லட்சம் பேரைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு எல்டிஎல் எனப்படும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் 100-க்குக் கீழே, அதாவது நல்ல அளவில்தான் இருந்தது. மாரடைப்புக்கான காரணங்களைத் தேடி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் (2004) புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை, மன அழுத்தம் எனப் பலவற்றையும் சேர்த்தே கணக்கில் எடுத்தது. என் மைத்துனர் ‘மொத்தக் கொலஸ்ட்ரால் 172, நார்மல்’ என்ற லேப் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டுவார். அதே பையில் பீடிக்கட்டும் இருக்கும். நான்காவது மாதம் மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். சரி, அப்போதே ஒரு இஞ்ச் டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து, பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாமே. கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

ஒரு வாசகர், விருத்தாசலம்