கச்சேரிக்கு நடுவுல கோஷம் எதுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம். 2025 மார்ச்ல லண்டன்ல இளையராஜா சிம்பொனிய ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசிச்ச செய்திய உங்க பேப்பர்ல படிச்சு பூரிச்சுப்போனவன் சார் நான், ஆனா நம்மூர்ல காசு குடுத்து லைவ் கச்சேரிக்குப் போனா பாட்டே கேக்க முடியல, முன்னாடி நிக்கிறவன் பூரா போன தூக்கிப் பிடிச்சு ரெக்கார்டிங், போதாக்குறைக்கு பல்லவி முடியுறதுக்குள்ள கட்சி கோஷம் வேற. கர்நாடக சங்கீத சபால மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கிற நேரம் வந்தா கேன்டீனுக்கு ஓடுற ரசிகருங்களே தேவல (அவங்க சத்தமாச்சும் போடமாட்டாங்க). எம்ஜிஆர் 1977ல முதல்வர் ஆனாரு, விஜய் 2024ல கட்சி ஆரம்பிச்சாரு, சினிமாவும் அரசியலும் இங்க ஒட்டிப்பொறந்ததுதான், தெரியாமலா இருக்கேன்? மாநாட்டுல கத்துங்க, வேணாங்கல. வயலின் வாசிக்கும்போது எதுக்குய்யா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி