ராமச்சந்திரன் எங்கே?

ஆசிரியருக்கு,

புரதங்களின் வடிவத்தைக் கணினியே கணித்துவிடுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். 2024 வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கர், டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் மூவரும் அதில் இருந்தார்கள். சரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இந்தத் துறைக்கே அடித்தளம் போட்ட ஜி.என். ராமச்சந்திரன் ஒரு வரியில்கூட வரவில்லையே!

1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று சொன்னவர் அவர். அதைவிடப் பெரிது, 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனுடன் வெளியிட்ட வரைபடம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையாக, விறைப்பாக நிற்கும். அதன் இருபுறமும் உள்ள பிணைப்புகள்தான் திரும்பும். வகுப்பில் இதைக் காட்ட, இரண்டு தபால் அட்டைகளை மூலையோடு மூலை நூலால் கோத்துத் திருப்பச் சொல்வேன். கொஞ்சம் திருப்பியதுமே இடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அணுக்களுக்கும் அதே இடநெருக்கடிதான். அந்த இரண்டு திருப்பங்களின் கோணங்களை நெடுக்கும் குறுக்குமாகப் போட்ட கட்டத்தில் இடிக்காதவற்றை மட்டும் குறித்தால், முக்கால்வாசிக் கட்டம் காலியாகவே கிடக்கும். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றும் புதிதாகக் கண்ட புரத அமைப்பை அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். கணினி கணித்துத் தந்ததையும் சேர்த்து.

அடுத்த முறை எழுதும்போது அந்தப் படத்தை ஒரு மூலையிலாவது அச்சிடுங்களேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
காட்பாடி